மீனில் ஹிஸ்டமின் இருப்பதை ஆய்வகத்தில் எப்படிக் கண்டறிகிறார்கள்?

சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களின் தசையில் மிகுந்துள்ள ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலத்தை, குளிரூட்டாத நேரத்தில் பெருகும் பாக்டீரியாக்கள், அளவு மிகுந்தால் உண்பவருக்கு ஒவ்வாமை போன்ற நச்சு விளைவைத் தரும் ஹிஸ்டமினாக மாற்றுகின்றன. அமினோ அமிலங்களிலிருந்து இவ்வாறு உருவாகும் சேர்மங்களே உயிரிவழி அமின்கள்.

ஆய்வகத்தில் தசையை அரைத்து, அமிலக் கரைசலால் அமின்களைப் பிரித்தெடுத்து, அவற்றை ஒளிரச் செய்யும் வேதிப்பொருளுடன் இணைத்து, நுண்துகள் நிரம்பிய குழாய் வழியே உயர் அழுத்தத்தில் செலுத்துகிறார்கள். கடைவீதியில் கடைதோறும் நிற்பவர் பிந்தியும் நிற்காமல் நடப்பவர் முந்தியும் மறுமுனையை அடைவதைப் போல, ஒவ்வோர் அமினும் தனக்குரிய நேரத்தில் வெளிவருகிறது. அதன் ஒளிர்வை, செறிவு தெரிந்த கரைசலின் ஒளிர்வோடு ஒப்பிட்டு அளவைக் கணக்கிடுகிறார்கள். கருவியைவிட மாதிரி எடுப்பதே கடினம் என்பேன். ஒரே மீனில்கூடப் பகுதிக்குப் பகுதி அளவு மாறும்.

நன்றாக வேகவைத்தால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். வெப்பத்தால் பாக்டீரியா இறக்குமே தவிர, உருவான ஹிஸ்டமின் அழியாது.