காதிஸின் அடித்தளம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கப்பல் பயணத்தில் ஸ்பெயினின் காதிஸ் நகரில் ஆறு மணி நேரம் கிடைத்தது. மூவாயிரம் ஆண்டுப் பழமை என்றார்கள். நான் பார்த்ததெல்லாம் பதினெட்டாம் நூற்றாண்டு வீடுகள். ரோமானிய அரங்கிலும் பாதிதான் தெரிகிறது, மேடை வீடுகளுக்கு அடியில் இருக்கிறதாம். அந்த வீடுகளை அகற்றி முழுதாகத் தோண்டினால் என்ன? பேசாமல் மலாகாவில் இறங்கியிருக்கலாமோ?

க.

அன்புள்ள க.,

மலாகா பேச்சை விடுங்கள். மூவாயிரம் ஆண்டு ஒரு பொம்மலாட்ட அரங்குக்குக் கீழே இருக்கிறது. சுமார் ஒன்பது மீட்டர் ஆழத்தில், கடல் வணிகம் செய்த பண்டைய ஃபினீசியர்களின் தெரு, வீடுகள், களிமண்ணில் மாட்டுக் குளம்புத் தடம். மேலே ஏன் அவ்வளவு பழசு இல்லை என்றால், 1596இல் ஆங்கிலேய, டச்சுப் படை ஊரைக் கொளுத்திவிட்டுப் போனது. 1717இல் அமெரிக்கக் குடியேற்றங்களோடு ஸ்பெயின் நடத்திய வணிகத்தின் நிர்வாகம் செவில்லே நகரிலிருந்து இங்கே மாறியது, பணம் கொட்டியது. கப்பல் வருகிறதா என்று பார்க்க வணிகர்கள் மொட்டைமாடியில் கோபுரம் எழுப்பினார்கள். நீங்கள் பார்த்த வீடுகள் அந்தக் காலத்தவை.

ஆனால் “வீடுகளை அகற்றி” என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! எனக்குக் கோபமே வந்தது. அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள் ஐயா. ரோமானிய அரங்கு வெளிப்பட்டதே 1980இல்தான். அதைக் கட்டிய பால்பஸ் என்ற ரோமானியப் பிரமுகர் இந்த ஊர்க்காரர். தன் பயணத்தையே நாடகமாகப் போடவைத்து, பார்த்துக்கொண்டே அழுதாராம். இது ரோமானியப் பேச்சாளர் சிசரோவுக்கு வந்த ஒரு கடிதத்தில் இருக்கிறது. மேடையைத் தோண்டினால் கல் கிடைக்கும், அந்தக் கண்ணீர் கிடைக்காது. அதற்காக ஒரு குடும்பத்தை எழுப்பி வெளியே அனுப்பலாமா?

அந்த அரங்கு இருக்கும் எல் போபுலோ என்ற பழைய பகுதியில் நான்கு நாள் தங்கினேன். ஒரு மாலை ரோஜா வளைவு என்ற பழைய நகர வாயிலுக்குக் கீழே மழைக்கு ஒதுங்கி நின்றபோது, ஒரு பாட்டி தன் வீட்டு முற்றத்துக்குள் கூப்பிட்டார். முற்றத்தின் நடுவில் பளிங்குக் கிணற்றுவாய். அடியில் மழைநீர்த் தொட்டி. தன் அம்மா அதில் தண்ணீர் இறைத்ததாகச் சொன்னார். சுவரில் பூச்சு உதிர்ந்த இடத்தில் கல் முழுக்கச் சிப்பிகள். அந்த ஊர்க் கல்லே அப்படித்தான், கடல் செய்த கல். விரலால் தடவிக் காட்டினார். அப்புறம் எதிர்வீட்டுக் கதவைக் காட்டினார். சாவி வைக்கும் எண்பூட்டுப் பெட்டி தொங்கியது. அந்த வீட்டார் போய்விட்டார்கள், இப்போது வாரத்துக்கு வாரம் வாடகைக்கு வரும் புதுச் சுற்றுலாப் பயணி என்றார். அந்தப் பெட்டிகளை எண்ணிக்கொண்டே அறைக்குத் திரும்பினேன், இருபது அடிக்கு ஒன்று. தோண்டாமலே காலியாகிக்கொண்டிருக்கும் தெரு அது, க. நீங்கள் அதற்கு மண்வெட்டி வேறு கேட்கிறீர்கள்.

உங்கள் ஆர்வம் பொய்யில்லை என்று தெரியும். அடுத்த முறை கப்பலில் போகாதீர்கள். செவில்லேயிலிருந்து ரயில் இருக்கிறது. குடும்பம் நடத்தும் பழைய விடுதியில் இரண்டு இரவு தங்குங்கள், கப்பல் கூட்டம் இறங்குவதற்கு முன் காலையில் நடந்து பாருங்கள். தெரு முனைகளில் வண்டிச் சக்கரம் சுவரை இடிக்காமலிருக்க நட்டுவைத்த பழைய பீரங்கிகளைப் பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.