குழலுக்குள் என்ன இருக்கிறது?

வணக்கம் ஐயா,

பென்சில்வேனியாவில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். பக்கத்து ஊரில் ஒரு முதியவர் இறந்தபின் வீட்டுச் சாமான்களை விற்றார்கள். அதில் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று 150 டாலருக்குக் கிடைத்தது. குழலின் வாய்வழியாக வெடிமருந்து போட்டு இடிக்கும் வகை. குழலின் அடியில் முட்டைவடிவ முத்திரைக்குள் ஈ.எல்.ஜி. என்று இருக்கிறது. அணிலும் முயலும் சுட இது போதுமா, புதிதாக ஒன்று வாங்கிவிடட்டுமா? பின்னால் இதற்கு விலை ஏறுமா? படத்தை ஊர் நண்பர்கள் குழுவில் போட்டேன். ‘நரிக்குறவன் துப்பாக்கி வாங்கவா அமெரிக்கா போனே’ என்று சிரித்தார்கள். எனக்கும் சிரிப்புதான் வந்தது. வேட்டை பாவம் என்கிறாள் மனைவி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நரிக்குறவர்களைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்திருக்கிறது. அதனால்தான் உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். விலை பெரிதாக ஏறாது. ஈ.எல்.ஜி. என்பது பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்துத் துப்பாக்கிச் சோதனைச்சாலை முத்திரை. 19ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து இப்படிப்பட்ட மலிவுத் துப்பாக்கிகள் உலகம் முழுக்கப் போயின. முத்திரைக்கு மேல் கிரீடம் இல்லையென்றால் 1893க்கு முந்தையது. 1898 வரை செய்யப்பட்டவற்றை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பழம்பொருளாகத்தான் பார்க்கிறது. ஆனால் மாநில விதியும் வேட்டை உரிமமும் வேறு. அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பாவமா என்பதை நீங்களும் உங்கள் மனைவியும் பேசி முடிவு செய்யுங்கள். சுட்டதைச் சமைத்துச் சாப்பிடுவீர்கள் என்றால் எனக்கு அதில் சொல்ல ஒன்றுமில்லை.

அந்தச் சிரிப்புக்கு வருகிறேன். உங்களுக்கும் சிரிப்பு வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வந்தது தம்பி. நீங்கள் வாங்கியிருக்கும் பொருளைப் பற்றி முழுதாகத் தெரிந்தவர்கள் என்று நம் பக்கத்தில் சொல்ல வேண்டுமானால் அந்த மக்களைத்தான் சொல்ல வேண்டும். அவர்கள் பெயரைச் சொல்லித்தான் நீங்கள் எல்லோரும் சிரித்திருக்கிறீர்கள்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர்ப் பெரிய வீடு ஒன்றில் ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி சுவரில் தொங்கியது. யார் காலத்தில் கடைசியாகச் சுட்டார்கள் என்று அந்த வீட்டிலேயே யாருக்கும் தெரியாது. கட்டையைக் கரையான் தின்றுவிட்டது. குழலை வீணாக்குவானேன், அடுப்புக்கு ஊதாங்குழல் ஆக்கலாம் என்று கொல்லுப்பட்டறைக்குக் கொடுத்துவிட்டார்கள். அடிமூடி துருவேறி இறுகிக் கிடந்தது. சூடு காட்டினால் இளகும் என்று ஆசாரி அடிப்பக்கத்தை உலைக்குக் கொண்டுபோனார். துருத்தி ஊதுவதை வேடிக்கை பார்க்க நாங்கள் நாலைந்து பையன்கள் நின்றோம்.

கத்தி தீட்ட வந்திருந்த நரிக்குறவர் ஒருவர் வாசலில் காத்திருந்தார். வயதானவர். ‘நிறுத்து சாமி, நிறுத்து’ என்று கத்திக்கொண்டு உள்ளே வந்து குழலைப் பிடுங்கிவிட்டார். ஆசாரி திட்டினார். அவர் காதில் வாங்கவில்லை. தன் துப்பாக்கியின் இடிகம்பியை எடுத்துக் குழலுக்குள் மெதுவாக இறக்கினார். கம்பி போய் முட்டியதும் வாய் விளிம்போடு சேர்த்து இரண்டு விரலால் இறுகப் பிடித்துக்கொண்டார். பிடித்த விரலை எடுக்காமல் கம்பியை உருவி, குழலின் வெளிப்பக்கத்தில் வைத்து, விரல் இருந்த இடத்தை வாய் விளிம்பில் பொருத்தினார். கம்பியின் நுனி குழலின் அடிக்கு நாலு விரற்கடை மேலேயே நின்றுவிட்டது. ‘உள்ளே இருக்கு சாமி’ என்றார்.

பிறகு கம்பி நுனியில் திருகுபோல முறுக்கிய ஒரு துண்டை மாட்டி, உள்ளே விட்டுத் திருகி இழுத்தார். முதலில் தேங்காய் நார் உருண்டை வந்தது. கவிழ்த்துத் தட்டியதும் ரவைகள், அதாவது சிறு குண்டுகள், மண்ணில் உருண்டன. மறுபடி நார். கடைசியாகக் கட்டி தட்டிப்போன கருமருந்து. அதில் ஒரு சிட்டிகையை எட்ட நின்று கங்கின் மேல் போட்டார். சீறிக்கொண்டு வெள்ளைப் புகையோடு எரிந்தது. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்த அந்த மருந்துக்கு வயதாவதில்லை. ஈரம் படாமல் இருந்தால் நூறு வருடம் கழித்தும் பற்றும். உலையில் போயிருந்தால் அந்தப் பட்டறையில் யார் யார் மிஞ்சியிருப்போம் என்று தெரியாது. அப்போதும் யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. கத்தியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வாங்கினேன், படம் எடுத்தேன், குழுவில் போட்டேன் என்று இருக்கிறது. குழலுக்குள் பார்த்தேன் என்று ஓர் இடத்திலும் இல்லை. இறந்துபோன ஒருவர் வீட்டில் சுவரிலோ பரணிலோ கிடந்த துப்பாக்கி அது. இம்மாதிரிப் பழைய துப்பாக்கிகளில் மருந்தும் ரவையும் அப்படியே இருப்பது அபூர்வம் அல்ல. தோட்டா வகை என்றால் திறந்து பார்த்துவிடலாம். இதில் திறக்க வழியில்லை, கம்பிதான் கண். ஆகவே இன்றைக்கே செய்யுங்கள். குதிரையை, அதாவது விசையை இழுத்தால் வந்து அடிக்கும் பாகத்தைத் தூக்கி, அடியில் பழைய கேப் (அடிபட்டதும் பொறி தட்டி மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எடுத்துவிடுங்கள். வாய்க்கு நேரே முகமோ கையோ போகக் கூடாது. ஒரு மரக்குச்சியை விட்டு அந்தக் கிழவர் அளந்தது போலவே அளவெடுங்கள். இரண்டு குழலையும் தனித்தனியாக. ஒன்று காலியாக இருந்தால் மற்றதும் காலிதான் என்று நினைக்காதீர்கள். குச்சி ஓர் அங்குலத்துக்கு மேல் குறைந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. சுட்டு வெளியேற்றிவிடலாம் என்று கேப் மாட்டாதீர்கள், சூடும் காட்டாதீர்கள். கருமருந்துத் துப்பாக்கி தெரிந்த கம்மியரிடம் சொல்லிவிட்டுக் கொண்டுபோங்கள். மனைவி பாவத்தைப் பற்றிக் கேட்டாரே, அவர் இருக்கும் வீட்டில் இதைப் பார்க்காமல் வைத்திருந்தீர்களே தம்பி!

இந்த அறிவெல்லாம் நமக்கு இருக்கிறதா? கண்ணால் மருந்தை அளந்து, எந்தப் பறவைக்கு எவ்வளவு ரவை என்று முடிவு செய்து, ஏரிக்கரையில் கௌதாரியும் கொக்கும் சுட்டு வயிறு கழுவியவர்கள் அவர்கள். 1972இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991 திருத்தத்தோடு ஏறக்குறைய எல்லா வேட்டையும் நின்றது. பறவைகளுக்காக அந்தச் சட்டம் வேண்டும் என்றே நானும் சொல்வேன். ஆனால் துப்பாக்கியைக் கீழே வை என்று சொன்னவர்கள் அந்தக் கைக்கு வேறு என்ன கொடுத்தார்கள்? ஊசிமணி பாசிமணியோடு பேருந்து நிலையத்தில் நிற்க வைத்தோம். அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கலாம் என்று மத்திய அரசு அமைத்த லோகூர் குழு 1965இலேயே சொன்னது. நாடாளுமன்றத்தில் அது நிறைவேறியது 2022 டிசம்பரில். இடையில் இரண்டு தலைமுறை போய்விட்டது. உங்கள் நண்பர்கள் குழுவில் இதையும் போடுங்கள்.

சரி, உங்கள் கேள்வி. குழலில் உள்குழிவும் மெலிவும் இல்லையென்று கம்மியர் சொன்னால் போதும், தாராளமாகப் போதும். வாய் குறுகாத குழலாகத்தான் இருக்கும், ரவை சீக்கிரம் சிதறும். 20, 25 கஜத்துக்குள் வரும் அணிலையும் முயலையும் மட்டும் சுடுங்கள். தூரத்தில் சுட்டு அடிபட்டு ஓடவிட்டால்தான் பாவம். மருந்துக்கும் ரவைக்கும் ஒரே அளவுக்கரண்டி. குடுவையிலிருந்து நேரே குழலில் ஊற்றக் கூடாது, உள்ளே கனல் மிச்சமிருந்தால் குடுவையே வெடிக்கும். கருமருந்தைத் தவிர வேறெதுவும் போடக் கூடாது, இன்றைய தோட்டாக்களில் வரும் புகையில்லா மருந்து அந்தக் குழலைப் பிளந்துவிடும். எஃகு ரவையும் வேண்டாம், பழைய இரும்பைக் கீறும். ஒரு குழலைச் சுட்டுவிட்டு மறுபடி நிரப்பும்போது அடுத்த குழலின் கேப்பைக் கழற்றிவிடுங்கள். அந்த அதிர்ச்சியில் நிரப்பி வைத்த குழலின் ரவை முன்னால் நகர்ந்திருக்கும், கம்பியால் மறுபடி அழுத்தி உட்கார வையுங்கள். சுட்ட அன்று இரவே வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவி, துடைத்து, எண்ணெய் பூசுங்கள். அப்படியே விட்டுவைத்தால் விடிவதற்குள் துரு பிடித்திருக்கும்.

புதிதாக வாங்க வேண்டியதில்லை. அளவெடுத்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள், இரண்டு குழலுக்கும் தனித்தனியாக. அதுவரை கேப் வாங்கக் கடைப் பக்கம் போக வேண்டாம்.

அன்புடன்.