புக் செய்தது ஒரு கார், வந்தது வேறொரு கார்

கேள்வி: திருச்சியில் வசிக்கிறேன். 2025 செப்டம்பர் கடைசியில் ஒரு ஷோரூமில் 25,000 ரூபாய் கட்டி, ஆட்டோமேட்டிக் டாப் வேரியன்ட் கார் ஒன்றை என் பெயரில் புக் செய்தேன். ஷோரூம் விலை 13.4 லட்சம். அதில் 9 லட்சம் வங்கிக் கடன். மூன்று மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். டிசம்பர் கடைசியில் பதிவெல்லாம் முடித்து, மாலை போட்டு, பூஜை செய்து காரைக் கொடுத்தார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் கவனித்தேன்: புரோஷரில் இருந்த 360 டிகிரி கேமரா இல்லை. பின்சக்கரங்களில் டிஸ்க் பிரேக்குக்குப் பதில் டிரம் பிரேக். ஆர்.சி.யில் தயாரிப்பு மாதம் 12/2024. கேட்டால், "நீங்க புக் பண்ணின பிறகு கம்பெனியில ஃபீச்சரை மாத்திட்டாங்க சார், புக்கிங் ஃபார்ம்லயே போட்டிருக்கு" என்கிறார்கள். சீட் கவரும் ஒரு வருடக் கூடுதல் வாரண்டியும் இலவசமாகத் தருகிறோம், இந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்றும் வற்புறுத்துகிறார்கள். கார் 430 கி.மீ. ஓடியிருக்கிறது. திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்க முடியுமா?

பதில்: முதலில், அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். "காரை முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற பொருளில்தான் அது எழுதப்பட்டிருக்கும். கையெழுத்துப் போட்டுவிட்டால், நாளை நுகர்வோர் ஆணையத்தில் எதிர்த்தரப்பு முதலில் நீட்டும் காகிதம் அதுவாகத்தான் இருக்கும். சீட் கவரையும் வாங்கிக்கொள்ள வேண்டாம்.

உங்கள் வழக்கின் உயிர்நாடி கேமராவோ பிரேக்கோ அல்ல, அந்த 12/2024 என்ற தேதிதான். நீங்கள் புக் செய்தது 2025 செப்டம்பரில். அந்த நாளில் இந்தக் கார் தயாராகி ஒன்பது மாதம் ஆகிவிட்டது. ஏற்கெனவே தயாராகி நின்ற காரிலிருந்து, புக்கிங்குக்குப் பிறகு எந்தக் கம்பெனியும் ஃபீச்சரை எடுத்திருக்க முடியாது. பெரும்பாலும் நடந்திருக்கக்கூடியது இதற்கு நேர்மாறானது: இடையில் கம்பெனி அந்த வேரியன்ட்டில் கேமராவையும் டிஸ்க் பிரேக்கையும் சேர்த்திருக்கும். புதிய புரோஷரைக் காட்டி உங்களிடம் ஆர்டர் வாங்கிவிட்டு, மாற்றத்துக்கு முந்தைய பழைய ஸ்டாக்கை உங்கள் தலையில் கட்டியிருப்பார்கள். ஆண்டு மாறினால் பழைய ஆண்டுக் காரைத் தள்ளுபடியில்தான் விற்க முடியும். உங்களுக்கு அதை முழு விலையில் தந்திருக்கிறார்கள்.

இதை ஊகமாக விடாமல் சான்றாக மாற்ற வேண்டும். சேஸிஸ் நம்பர் என்று நாம் சொல்லும் 17 இலக்க எண்ணில் வழக்கமாக பத்தாவது எழுத்து ஆண்டைக் குறிக்கும்: ஆர் என்றால் 2024, எஸ் என்றால் 2025. மாதத்துக்கான எழுத்து எந்த இடத்தில் வரும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தையும் படம் எடுங்கள். 4824 என்றிருந்தால் 2024-ன் 48-வது வாரம். இவை துணைச் சான்றுகள்தான். முதன்மையான சான்றைத் தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவிடமிருந்து வாங்க வேண்டும். சேஸிஸ் நம்பரைக் குறிப்பிட்டு மூன்றே கேள்விகளை மின்னஞ்சலில் கேளுங்கள்: இந்தக் கார் எந்தத் தேதியில் தயாரானது, எந்தத் தேதியில் இந்த டீலருக்கு அனுப்பப்பட்டது, இந்த எண்ணுக்குரிய வேரியன்ட்டில் என்னென்ன வசதிகள் உண்டு. பதில் வந்தால் பாதி வழக்கு முடிந்தது. வராவிட்டாலும், கேட்டதே பின்னால் பயன்படும். எப்படி என்று கீழே சொல்கிறேன்.

அடுத்து, புக்கிங் படிவம், டாக்ஸ் இன்வாய்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் பாலிசி நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேரியன்ட்டின் முழுப் பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். இன்வாய்ஸிலேயே கீழ் வேரியன்ட்டின் பெயர் இருந்து, உங்களிடம் டாப் வேரியன்ட்டின் விலை வாங்கப்பட்டிருந்தால், அது விலையில் செய்த மோசடி. குற்றப் புகார் வரை போகலாம். இன்வாய்ஸில் டாப் வேரியன்ட், கையில் இருப்பதும் அதே பெயருள்ள பழைய பதிப்பு என்றால், அது தகவலை மறைத்து விற்றது. இரண்டுக்கும் நிவாரணம் உண்டு. ஆனால் டீலருக்கு அனுப்பப்போகும் நோட்டீஸில் எழுதும் வாசகம் வேறு. பாலிசியில் வேரியன்ட்டோ தயாரிப்பு ஆண்டோ தவறாக இருந்தால் உடனே எழுதித் திருத்தி வாங்குங்கள். விபத்து நடந்த பிறகு அது தனிச் சண்டையாகிவிடும்.

புக்கிங் படிவத்தின் நகல் கையில் இல்லையென்றால் டீலரிடம் போய் நிற்க வேண்டாம். கடன் கேட்டபோது வங்கியில் கொடுத்த கொட்டேஷன் உங்கள் லோன் ஃபைலில் இருக்கும். வேரியன்ட், நிறம், விலை எல்லாம் டீலரின் சீலோடு அதில் இருக்கும். இனி யாரும் அதை மாற்ற முடியாது. புரோஷரின் கடைசிப் பக்கத்தில் அச்சிட்ட மாதம் பொடி எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சேல்ஸ் எக்ஸிகியூட்டிவ் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் மட்டும் போதாது, அந்த ஃபோனையும் மாற்றாமல் வைத்திருங்கள். பாரதிய சாட்சிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63-ன்படி மின்னணுச் சான்றோடு ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். நுகர்வோர் ஆணையம் சாட்சியச் சட்டத்தை இம்மி பிசகாமல் பின்பற்றுவதில்லை என்றாலும், இணைத்துவிட்டால் ஆட்சேபத்துக்கு இடம் இருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 15: விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்தியே ஆக வேண்டும். பொருந்தாவிட்டால் ஏற்க மறுக்கலாம். சிக்கல் பிரிவு 42-ல் இருக்கிறது. பொருளைப் பெற்றுக்கொண்டு, மறுப்பைத் தெரிவிக்காமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்திருந்தால் ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கருதும். ஏற்றுக்கொண்டுவிட்டால், பிரிவு 13-ன்படி பொதுவாக இழப்பீடு கேட்கலாமே தவிரத் திருப்பித் தர முடியாது. கார் உங்கள் பெயரில் பதிவாகியிருப்பதை டீலர் தரப்பு இங்கேதான் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் அவசரம். இன்றே டீலருக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் ஒரே மின்னஞ்சலில், "ஆர்டருக்குப் பொருந்தாததால் இந்தக் காரை ஏற்க மறுக்கிறேன். உங்கள் முடிவு தெரியும்வரை உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் பாதுகாப்பில் வைத்திருக்கிறேன்" என்று எழுதி, ஓடோமீட்டர் படத்தையும் இணைத்து அனுப்புங்கள். ஃபோனில் எத்தனை முறை சண்டை போட்டிருந்தாலும் அது கணக்கில் வராது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 உங்களுக்கு இதைவிடப் பெரிய கதவைத் திறக்கிறது. ஒரு பொருள் இன்ன மாடல், இன்ன தரம் என்று பொய்யாகச் சொல்வதும், பழையதைப் புதியது என்று விற்பதும் பிரிவு 2(47)-ன்படி முறையற்ற வணிக நடவடிக்கை. தெரிந்தே தகவலை மறைப்பது பிரிவு 2(11)-ன்படி சேவைக் குறைபாடு. காரை மாற்றித் தரவும், பணத்தை வட்டியோடு திருப்பவும், இழப்பீடு தரவும் உத்தரவிடும் அதிகாரம் பிரிவு 39-ல் ஆணையத்துக்கு இருக்கிறது. தயாராகி ஓராண்டான காரை விற்பது மட்டுமே குற்றமாகிவிடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சொல்லாமல் விற்றதுதான் தவறு. வாதத்தை அந்தப் புள்ளியிலேயே நிறுத்துங்கள்.

"ஸ்பெசிஃபிகேஷன் மாறலாம்" என்ற வரியைக் கண்டு மிரள வேண்டாம். கம்பெனி செய்யும் மாற்றத்துக்கான வரி அது. வாங்குபவருக்குச் சொல்லாமல் பழைய காரைக் கொடுக்க டீலருக்குத் தந்த அனுமதி அல்ல. இங்கே ஒரு பொறி இருக்கிறது. அந்த வரி "நியாயமற்ற ஒப்பந்தம்", அதைச் செல்லாது என்று அறிவிக்க வேண்டும் என்று புகாரில் கேட்டுவிடாதீர்கள். அப்படி அறிவிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான் உண்டு. மாவட்ட ஆணையத்துக்கு அதிகாரமே இல்லை என்று எதிர்த்தரப்பு மனு போடும், மாதங்கள் வீணாகும்.

யார் மீது வழக்கு? 2021 பிப்ரவரியில் கோவாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2011-ல் புதிய காருக்குப் பணம் கட்டியவருக்கு, 622 கி.மீ. ஓடிய 2009 தயாரிப்பை டீலர் கொடுத்திருந்தார். டீலரின் பொறுப்பு அப்படியே நின்றது. தயாரிப்பு நிறுவனம் விடுவிக்கப்பட்டது. டீலர் செய்தது நிறுவனத்துக்குத் தெரியும் என்பதற்குச் சான்று இல்லை, இருவருக்கும் இடையே இருப்பது முதலாளி–ஏஜென்ட் உறவும் அல்ல என்பது காரணம். ஆகவே உங்கள் முதல் எதிர்மனுதாரர் டீலர்தான். நிறுவனத்தை இரண்டாவதாகச் சேருங்கள். இல்லாவிட்டால் "கம்பெனியைக் கேளுங்கள்" என்று டீலர் நழுவுவார். நீங்கள் அனுப்பும் மின்னஞ்சல்களால், "எங்களுக்கு எதுவும் தெரியாது" என்று நிறுவனம் இனிமேல் சொல்ல முடியாமல் போகும். மேலே சொன்ன மூன்று கேள்விகளின் இன்னொரு பயன் இதுதான்.

திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டீர்கள். கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனால் அதை மட்டுமே கேட்காதீர்கள். பதிவான கார் ஷோரூமுக்குத் திரும்பினால் அவர்களுக்கு அது செகண்ட் ஹேண்ட். கட்டிய லைஃப் டாக்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் கைநஷ்டம். கடைசி வரை எதிர்ப்பார்கள். எனவே நோட்டீஸிலும் புகாரிலும் மூன்று கோரிக்கைகளை ஒன்றுக்கு மாற்றாக ஒன்று என்று வையுங்கள். ஆர்டரில் உள்ளபடி புதிய கார், அதன் பதிவுச் செலவு, வரி, இன்சூரன்ஸ் டீலருடையது. அல்லது ஆன்ரோடு தொகை முழுவதும் வட்டியோடு. அல்லது வேரியன்ட் வசதிகளின் விலை வித்தியாசம், ஓராண்டு பழைய தயாரிப்பு என்பதால் மறுவிற்பனையில் வரும் இழப்பு, மன உளைச்சலுக்கான தொகை. என் மதிப்பீட்டில் மூன்றாவது கிடைக்க வாய்ப்பு அதிகம். நிறுவனத்தின் பதில் எழுத்தில் வந்துவிட்டால் முதலாவதும் எட்டாத தூரத்தில் இல்லை. 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு டீலர் பிடித்த 1 சதவீத டி.சி.எஸ். (விற்கும்போதே வசூலிக்கும் வருமான வரி) உங்கள் பான் கணக்கில் வரவாகியிருக்கும். அதை வருமான வரியில் கழித்துக்கொண்டால் இங்கே மறுபடி கேட்காதீர்கள்.

நோட்டீஸை ஸ்பீடு போஸ்ட்டில், டெலிவரிச் சான்றோடு, 15 நாள் அவகாசம் கொடுத்து அனுப்புங்கள். இடையில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியலாம், கட்டணமில்லை. ஆனால் அதில் புகார் செய்ததால் காலவரையறை நிற்காது. டெலிவரி நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் ஆணையத்தில் புகார் விழ வேண்டும். செலுத்திய விலை 50 லட்சத்துக்குள் என்பதால் மாவட்ட ஆணையம். ஷோரூம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் திருச்சியிலேயே தாக்கல் செய்யலாம். 10 முதல் 20 லட்சம் வரையான விலைக்குக் கட்டணம் 400 ரூபாய். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், கூடுதலாக 15 நாள்தான் தர முடியும். அதைத் தாண்டினால் பதில் தரும் உரிமை போய்விடும் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2020-ல் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த நாளைக் குறித்து வைத்து, பதில் வராவிட்டால் அந்த உரிமையை முடித்துவைக்கும்படி ஆணையத்திடம் கேளுங்கள். புகாரை மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிட நீளும் என்று எண்ணியே இறங்குங்கள்.

புகாரில் "மைலேஜ் இல்லை, இன்ஜினில் சத்தம்" என்று எதையும் சேர்த்துவிடாதீர்கள். உற்பத்திக் குறை என்றால் நிபுணர் அறிக்கை கேட்பார்கள், கார் சோதனைக்குப் போகும். ஆர்டருக்குப் பொருந்தாத கார் என்பது காகிதங்களே பேசும் வழக்கு. அதுதான் உங்கள் பலம். அதைக் கலைத்துக்கொள்ள வேண்டாம்.

வழக்கு நடக்கும்போது இ.எம்.ஐ.யை நிறுத்தவே கூடாது. வங்கிக்கும் இந்தத் தகராறுக்கும் சம்பந்தமில்லை. சிபில் மதிப்பெண் கெடும், காரையும் எடுத்துப் போய்விடுவார்கள். கோபத்தில் ஷோரூம் வாசலில் காரை விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் ஒப்புதல் இல்லையென்றால், பார்க்கிங் கட்டணமும் கீறல் பிரச்சினையும் உங்கள் தலையில் விழும். தேவைக்கு மட்டும் ஓட்டுங்கள். 15,000 கி.மீ. ஓடிய காரைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னால் ஆணையமே தயங்கும். முதல் இலவச சர்வீஸை விடாதீர்கள், வாரண்டி போய்விடும். சர்வீஸுக்கு விடும்போது தரும் ஜாப் கார்டில் "உரிமைகளை விட்டுக்கொடுக்காமல்" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். வெளிக்கடையில் கேமரா மாட்டினால் ஒயரிங் வாரண்டி சிக்கலாகும், சான்றும் அழியும்.

இப்போது புக் செய்துவிட்டுக் காத்திருக்கும் மற்ற வாசகர்களுக்கு: பதிவில்லாமல் காரை ஒப்படைக்கக் கூடாது என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 42. அதனால் டெலிவரி நாளில் சோதிப்பது காலம் கடந்த சோதனை. இன்வாய்ஸ் போடும் முன்பே சேஸிஸ் நம்பரை எழுத்தில் கேளுங்கள். டீலர் கார்களை நிறுத்திவைக்கும் யார்டுக்கே போய் காரைப் பார்த்து, தயாரிப்பு மாதம், வேரியன்ட், நிறம், ஓடிய தூரம் நான்கையும் சரிபாருங்கள். "நான் பார்த்து ஒப்புதல் தரும்வரை பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டாம்" என்று மின்னஞ்சல் அனுப்புங்கள், வங்கியிடமும் அதுவரை கடன் தொகையை விடுவிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். சோதித்துப் பார்க்கும் வாய்ப்பைக் கேட்டால் விற்பவர் தந்தாக வேண்டும் என்று சரக்கு விற்பனைச் சட்டம் பிரிவு 41 சொல்கிறது. அந்தக் கட்டத்தில் கார் பொருந்தாவிட்டால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு புக்கிங் பணத்தை முழுசாகத் திருப்பிக் கேட்கலாம். தவறு அவர்களுடையது என்பதால், அதில் கேன்சலேஷன் சார்ஜ் பிடிக்க அவர்களுக்கு நியாயமில்லை.