வீட்டுச் சுவரிலும் வேனுக்குள்ளும் அலமாரி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: புத்தகங்களுக்காக 120 செ.மீ. அகலத்தில், 18 மி.மீ. பிளைவுட்டில் நானே ஓர் அலமாரி செய்தேன். ஓராண்டுக்குள் எல்லாத் தட்டுகளும் நடுவில் தொய்ந்துவிட்டன. 25 மி.மீ. பலகையில் மீண்டும் செய்தால் சரியாகிவிடுமா?

பதில்: தொய்வு குறையும், ஆனால் தீராது. நீங்கள் கூட்டவேண்டியது பலகையின் தடிமனை அல்ல. குறைக்கவேண்டியது தாங்குதல் இல்லாமல் அது கடக்கும் தூரத்தை. 18 மி.மீ. இருந்த இடத்தில் 25 மி.மீ. பலகையை வைத்தால் தொய்வு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகும். அதே பழைய பலகைக்கு நடுவில் ஒரு செங்குத்துத் தடுப்பைக் கொடுத்து, 120 செ.மீ. இடைவெளியை இரண்டு 60 செ.மீ. இடைவெளிகளாக்கினால், தொய்வு பதினாறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். பலகை முழுவதும் சீராக எடை பரவியிருக்கும்போது, இடைவெளி இரட்டித்தால் தொய்வு பதினாறு மடங்காகும் என்பதே இதற்குக் காரணம். புதுப் பலகை வாங்கும் முன் இந்தக் கணக்கை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

புத்தகத்தின் எடையைப் பலர் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். ஒரு மீட்டர் நீளத்துக்கு நெருக்கமாக அடுக்கிய சாதாரணப் புத்தகங்களே 20 கிலோவை எளிதில் தாண்டும். அதோடு, மரம் ஒரே சுமையை மாதக்கணக்கில் தாங்கும்போது, முதல் நாள் வளைந்த அளவோடு நிற்பதில்லை. மெல்ல மெல்ல இன்னும் இறங்குகிறது, சுமையை எடுத்த பிறகும் முழுமையாக நிமிர்வதில்லை. உங்கள் தட்டு ஓராண்டுக்குள் தொய்ந்ததும் இதனால்தான். புத்தகத் தட்டுக்கு 18 மி.மீ. பிளைவுட் என்றால் 75 அல்லது 80 செ.மீ. வரையும், பார்ட்டிக்கிள் போர்டு எனப்படும் தூள்பலகை என்றால் 60 செ.மீ. வரையும் இடைவெளி விடலாம் என்பது நான் கடைப்பிடிக்கும் வரம்பு.

நடுத்தடுப்பு வேண்டாம் என்றால், தட்டின் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் 18 மி.மீ. தடிமனும் 40 மி.மீ. உயரமும் உள்ள மரப்பட்டியைச் செங்குத்தாக நிறுத்திப் பசையிட்டுத் திருகுங்கள். 30 செ.மீ. ஆழமுள்ள தட்டின் விறைப்பு இதனால் இரண்டு மடங்குக்கும் மேல் கூடும். இன்னொன்றையும் கவனியுங்கள்: பிளைவுட்டின் மேல்தாளில் தெரியும் மரரேகை தட்டின் நீளவாக்கில் ஓடவேண்டும். கழிவு குறையட்டும் என்று பலகையைக் குறுக்கே வெட்டுபவர்கள், தெரியாமலே தட்டின் வலிமையில் ஒரு பகுதியை இழக்கிறார்கள்.

கேள்வி: சுவரில் பிராக்கெட் வைத்துப் பொருத்திய தட்டு மெல்லப் பிடுங்கிக்கொண்டு முன்னால் சாய்கிறது. இன்னும் நீளமான திருகாணி போட்டால் போதுமா?

பதில்: திருகாணி எதைப் பிடித்திருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். துளையிடும்போது ட்ரில்லில் இருந்து கொட்டும் தூளைப் பாருங்கள். முதலில் சாம்பல் நிறத்தில் வருவது பூச்சு, அது செந்நிறமாக மாறும் இடத்தில்தான் செங்கல் தொடங்குகிறது. பூச்சு ஒன்றரை செ.மீ. இருந்தால், திருகாணியைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் 3 செ.மீ. பிளக்கில் பாதி, எதையும் தாங்காத பூச்சுக்குள்ளேயே நின்றுவிடும். செங்கலுக்குள் குறைந்தது 4 செ.மீ. இறங்கும்படி பிளக்கையும் திருகாணியையும் தேர்ந்தெடுங்கள். தளர்ந்த பழைய துளையை அடைத்துவிட்டு, சற்று விலகிய இடத்தில் புதிதாகத் துளையிடுங்கள். உள்ளே குழிகள் உள்ள கட்டுக்கல் என்றால் சாதாரண பிளக் பிடிக்காது. குழிக்குள் போய் விரிந்து பிடிக்கும் வகை வேண்டும்.

பிராக்கெட்டின் செங்குத்துக் கையின் நீளத்தையும் அளந்து பாருங்கள். 30 செ.மீ. ஆழமுள்ள தட்டில் 30 கிலோ பரவியிருக்கும்போது, அந்தக் கை 20 செ.மீ. இருந்தால், மேல் திருகாணிகளைச் சுவரிலிருந்து வெளியே இழுக்கும் விசை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஏறத்தாழ 22 கிலோதான். கை 10 செ.மீ. ஆனால் அதுவே 45 கிலோ. இரு கைகளும் சமமில்லாத பிராக்கெட்டில், நீளமான கை சுவரோடு சேர்ந்திருக்கவேண்டும் என்று தச்சர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

கேள்வி: என் வேனின் பின்பகுதியில் கருவிப் பெட்டிகளுக்கான அலமாரியை நானே செய்ய விரும்புகிறேன். வீட்டு அலமாரி போலவே செய்து உள்ளே பொருத்திவிடலாமா?

பதில்: கூடாது. வீட்டில் சுமை கீழ்நோக்கி மட்டுமே அழுத்துகிறது. வேனுக்குள் பிரேக் பிடித்தால் முன்னால் தள்ளும், திருப்பத்தில் பக்கவாட்டில் தள்ளும், பள்ளத்தில் மேலே தூக்கும். உலர்ந்த சாலையில் அழுத்திப் பிரேக் பிடித்தால், 10 கிலோ பெட்டி தன்னைத் தடுக்கும் பலகையை ஏறத்தாழ 8 கிலோ விசையோடு முன்னோக்கித் தள்ளும். மோதல் என்றால் கணக்கே வேறு: 50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி எதிலாவது மோதி 60 செ.மீ. தூரத்துக்குள் நின்றுவிட்டால், அதே பெட்டி தன் எடையைப்போல் பதினாறு மடங்கு, அதாவது 160 கிலோ விசையோடு ஓட்டுநரின் முதுகை நோக்கி வரும். ஆகவே, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உறுதியான இரும்புத் தடுப்போ வலையோ இல்லாத வேனில், அலமாரியைத் தொடங்கும் முன் அதைப் பொருத்துங்கள். இதில் நான் எந்தச் சமாதானத்தையும் ஏற்கமாட்டேன்.

அடுத்தது எடை. எட்டுக்கு நான்கு அடி பிளைவுட்டில் 18 மி.மீ. பலகை ஒன்று 30 கிலோவுக்கும் மேல் வரும், 12 மி.மீ. 20 கிலோவை ஒட்டி வரும். வேனுக்கு 12 மி.மீ. போதும், இடைவெளிகளைச் சிறிதாக்கிக்கொள்ளுங்கள். அலமாரியில் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு கிலோவும் நீங்கள் ஏற்றக்கூடிய கருவியின் கணக்கில் சேரும். கனமான பெட்டிகள் தரையோரத்திலும், பின் அச்சுக்கு முன்பாகவும் இருக்கட்டும். அச்சுக்குப் பின்னால் அதிகச் சுமை சேர்ந்தால் முன்சக்கரங்களின் பிடிப்பு குறைந்து, ஸ்டீயரிங் இலேசாகிவிடும்.

ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் 5 செ.மீ. உயரத் தடுப்புப் பட்டியும், நீளவாக்கில் 40 செ.மீ.க்கு ஒரு குறுக்குத் தடுப்பும் கொடுங்கள். பெட்டி நகர்ந்து வேகம் பிடிக்க இடமே இருக்கக்கூடாது.

பொருத்தும் வேலைதான் மிகுந்த கவனம் கேட்பது. பக்கவாட்டுத் தகடு மெல்லியது. அதில் திருகாணி நிற்காது. உட்புறத்தில் விலா எலும்பு போல் ஓடும் சட்டங்களிலும், தரையிலும், சரக்கைக் கட்ட வண்டியிலேயே கொடுத்திருக்கும் வளையப் புள்ளிகளிலும் போல்ட் போடுங்கள். தரையில் துளையிடும் முன், வண்டிக்கு அடியில் குனிந்து, அந்த இடத்துக்கு நேர் கீழே எரிபொருள் தொட்டியோ பிரேக் குழாயோ மின்கம்பியோ போகிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். ட்ரில் பிட்டில் ஒரு சிறு மரத்துண்டைக் கோத்து, நுனி மட்டும் 1 செ.மீ. வெளியே தெரியும்படி விட்டால், தகட்டைத் துளைத்ததும் மரத்துண்டு முட்டி நிறுத்திவிடும். துளையின் விளிம்பில் உடனே துருத்தடுப்புப் பெயின்ட் தடவுங்கள். தவறினால் அடுத்த மழைக்காலத்தில் அந்த வட்டத்திலிருந்து துரு பரவும். அடியில் அகலமான வாஷரும் நைலான் வளையமுள்ள நட்டும் போட்டு முடுக்குங்கள், ஏனெனில் சாதாரண நட்டு அதிர்வில் தளரும். முதல் வாரம் ஓட்டிய பிறகு எல்லாவற்றையும் ஒருமுறை முடுக்கிப் பாருங்கள்.

வேனின் சுவர் நேராக இல்லாததால், அதன் வளைவை அட்டையில் வெட்டிப் பொருத்திப் பார்த்த பிறகே பலகையில் வரையுங்கள். அட்டை வீணானால் இழப்பில்லை.

கேள்வி: துல்லியமாக அளந்து வெட்டியும் என் அலமாரி கோணலாகிவிடுகிறது. தவறு எங்கே?

பதில்: ரம்பம் தின்னும் அகலத்தை நீங்கள் கணக்கில் சேர்க்கவில்லை என்று நினைக்கிறேன். ஒவ்வொரு வெட்டிலும் ஏறத்தாழ 3 மி.மீ. தூளாகிப் போகும், ஒரே பலகையில் ஐந்து வெட்டு என்றால் ஒன்றரை செ.மீ. காணாமல் போகிறது. எல்லாக் கோடுகளையும் முன்கூட்டியே வரைந்துவிடாமல், ஒன்றை வெட்டிய பிறகு அடுத்ததை அளந்து வரையுங்கள். சட்டத்தைப் பூட்டும்போது, பசை காய்வதற்குள் இரு மூலைவிட்டங்களையும் நாடாவால் அளந்து பாருங்கள். நீளமாக இருக்கும் மூலைவிட்டத்தின் இரு முனைகளையும் உள்நோக்கி அழுத்தி, இரண்டு அளவும் ஒன்றானதும் பின்பலகையை அடித்துவிட்டால், சட்டம் பிறகு அசையாது.