சம உயர வரப்பு ஒரே முனையில் உடைந்தால் ஏ பிரேமைச் சோதியுங்கள்

சரிவான நிலத்தில் மழைநீரைத் தடுக்க ஒரே மட்டத்தில் போடும் சம உயர வரப்பு ஒரே முனையில் உடைகிறதா? உடைந்த இடத்தில் வரப்பை உயர்த்த வேண்டாம். பயிற்சியில் சொன்னபடி ஏ பிரேம் (இரண்டு கால், குறுக்குச் சட்டம், உச்சியிலிருந்து தொங்கும் தூக்குக்குண்டு கொண்ட A வடிவ மட்டக் கருவி) வைத்துக் கோடு போட்டும் தண்ணீர் ஒரே முனைக்கு ஓடுகிறது என்றால், கோடே சரிந்திருக்கிறது.

தூக்குக்குண்டு நூல் குறுக்குச் சட்டத்தின் நடுக்குறியைத் தொட்டால் இரண்டு கால்களும் ஒரே மட்டம் என்று கணக்கு; பெரும்பாலும் அந்த நடுக்குறி தப்பாக இருக்கும். கால்களைத் திருப்பாமல் அப்படியே தூக்கி முன்னால் வைத்துப் போனால் பிழை ஒரே பக்கமாகக் கூடிக்கொண்டே போகும். கால்களுக்கு இடையே 2 மீட்டர், ஒவ்வொரு முறையும் 1 செ.மீ. பிழை என்றால், 50 மீட்டரில் 25 செ.மீ. சரிவு! ஒரு காலை ஊன்றி மற்றதைச் சுழற்றி வைத்தால் பிழை மாறிமாறி வந்து கழிந்துவிடும். பயிற்சிகளில் இதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

சோதனை எளிது. இரண்டு கால்களும் நிற்கும் இடத்தில் முளை அடித்து, தூக்குக்குண்டு நூல் தொடும் இடத்தைக் குறியுங்கள். அப்புறம் கால்களை இடம் மாற்றி வைத்து மறுபடி குறியுங்கள். இரண்டு குறிக்கும் நடுவில்தான் உண்மையான மட்டம். காற்றடிக்கும்போது செய்யாதீர்கள். கொத்தனாரின் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) கிடைத்தால் பழைய கோட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

உங்களுடையது கரிசல் மண்ணா? அப்படியென்றால் கோடு சரியாக இருந்தாலும் தண்ணீர் எளிதில் இறங்காது. அங்கே லேசான சரிவோடு வரப்புப் போட்டு, புல் வளர்த்த வடிகாலுக்குத் தண்ணீரைத் திருப்ப வேண்டும்.