மோட்டர் அறையில் உரப்பை வைத்தால் கிணற்றுத் தண்ணீர் கெடுமா?

"தோட்டத்து மோட்டர் அறையில்தான் உரப்பைகளை அடுக்கி வைக்கிறோம். கிணறு பக்கத்திலேயே இருக்கிறது, குடிக்கவும் அதில்தான் அள்ளுகிறோம். பையெல்லாம் தைத்தபடிதானே இருக்கிறது, தண்ணீர் கெடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கெடும். ஆனால் உடனே தெரியாது, அதுதான் தொல்லை.

"இத்தனை வருசமாக இங்கேதான் வைக்கிறோம், யாருக்கு என்ன வந்தது" என்று உங்கள் வீட்டில் யாரோ சொல்லியிருப்பார்கள், அதனால்தான் இங்கே வந்து கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கும் காது புளித்துவிட்டது.

நான் ஆராய்ச்சியாளர் இல்லை. திருகோணமலை டவுனில் குழாய்த் தண்ணீர் குடித்து வளர்ந்து, குச்சவெளிப் பக்கம் ஒரு வெங்காயத் தோட்டக்காரர் வீட்டுக்கு மருமகளாகப் போனவள். எங்கள் மண் கடற்கரை மணல். வாளித் தண்ணீரைக் கவிழ்த்தால் நின்று பார்ப்பதற்குள் உள்ளே போய்விடும். கிணறும் ஆழமில்லை, மாரியில் கயிற்றில் கொஞ்சம் விட்டாலே வாளி நனையும். மேலே கொட்டுவது கீழே போகாமல் தடுக்க இங்கே எதுவும் இல்லை. கந்தளாய், தம்பலகாமம் வயல்காரர்கள் தங்கள் களிமண்ணை வைத்துக்கொண்டு என்னோடு வாதாட வர வேண்டாம், நான் சொல்வது மணலைப் பற்றி.

உரம் மோட்டர் அறைக்குப் போனதற்கு எங்கள் வீட்டிலும் காரணம் இருந்தது. வளவில் பூட்டுப் போடக்கூடிய கதவு அது ஒன்றுதான். யுத்த காலத்தில் ஒரு பை யூரியாவைச் சோதனைச் சாவடி தாண்டிக் கொண்டுவருவதே பெரும்பாடு என்று மாமா சொல்வார். அப்புறம் 2021இல் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. நவம்பரில் அதை நீக்கினார்கள்தான், ஆனால் அதற்குள் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. அந்த நாட்களில் யூரியாப் பை எங்கள் வீட்டில் நகை மாதிரி. சாவி மாமாவின் இடுப்பில் இருக்கும்.

அந்த அறை கிணற்றுக்கட்டோடு ஒட்டியது. தரை சீமெந்துதான், ஆனால் வெடிப்பு. தகரக் கூரையில் ஆணி ஓட்டைகள். யூரியா ஈரத்தை இழுக்கும் சாமான். மாரியில் அடியில் கிடக்கும் பையைத் தொட்டால் கை பிசுபிசுக்கும். அந்த ஈரம் தையல் வழியாகக் கசிந்து, காய்ந்த இடத்தில் வெள்ளையாகப் பூத்து, வாசற்படியைத் தாண்டிக் கிணற்றடி வெடிப்புக்குள் இறங்கியிருந்தது. விரல் வைத்துக் காட்டினேன். "அது சுண்ணாம்பு பிள்ளை" என்றார் மாமா. வெறும் பைகளை மாமி கிணற்றடியிலேயே அலசிக் காயப்போடுவார், தேங்காய் கட்ட, வெங்காயம் காயவிட என்று அவற்றுக்கு ஆயிரம் வேலை. அலசிய தண்ணீரும் அதே வெடிப்புக்குள்தான் போனது.

மாமாவின் அடுத்த வாதம்: "யூரியாவை வைக்கோலுக்குத் தெளித்து மாட்டுக்கே போடுறாங்கள், மனிசருக்கு என்ன செய்யும்?" போடுகிறார்கள்தான், அளந்து. உரப்பையை நக்கிச் செத்த மாடும் உண்டு. ஆனால் கிணற்று விசயத்தில் பயப்பட வேண்டியது யூரியா அதே யூரியாவாக இருப்பதற்கு அல்ல. மண்ணுக்குள் போனதும் நுண்ணுயிர்கள் அதை முதலில் அமோனியமாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றிவிடும். நைத்திரேற்று மண்ணில் ஒட்டி நிற்காது, மழைத் தண்ணீரோடு நேரே கீழே போகும். நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை.

குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. என் வீட்டுக்காரர் ஒரு நாள் போனில் கணக்குப் போட்டார். 50 கிலோ யூரியாவில் 46 சதவீதம் நைதரசன், அதாவது 23 கிலோ. அது முழுக்க நைத்திரேற்றாக மாறினால் நூறு கிலோவுக்கு மேல் வரும். சுத்தமான தண்ணீர் 20 லட்சம் லீற்றரை அந்த எல்லைவரை கொண்டுபோக அது போதும். முழுக்க மாறாது, கொஞ்சம் வாயுவாகப் பறக்கும், கொஞ்சத்தைப் புல்பூண்டு எடுக்கும் என்று யாராவது பின்னூட்டத்தில் வருவீர்கள், தெரியும். சரி, பத்தில் ஒரு பங்கு என்றே வையுங்கள். 2 லட்சம் லீற்றர். எங்கள் கிணற்றில் எந்த நேரமும் நிற்பது சில ஆயிரம் லீற்றர்தான்.

கணக்குக்கெல்லாம் மாமா அசையவில்லை. அப்போது மச்சாள் பிள்ளைப்பேற்றுக்கு வந்து நின்றாள், கைக்குழந்தைக்குக் கிணற்றுத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தார்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத்தான் நைத்திரேற்றால் பெரிய ஆபத்து. இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோக முடியாமல் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். "கொதிக்க வைத்துத்தானே கொடுக்கிறோம்" என்றார் மாமி. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று சாகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு கூடத்தான் செய்யும். குளோரின் போட்டாலும் போகாது. இதைச் சொன்ன அன்று வீட்டில் பெரிய சண்டை, இரண்டு நாள் மாமா என் கையால் தேத்தண்ணி வாங்கவில்லை. ஆனால் குழந்தைக்கான தண்ணீர் டவுனில் என் அம்மா வீட்டிலிருந்து கானில் வரத் தொடங்கியது. அந்த மாரி முடியுமுன் உரமும் இடம் மாறியது.

இப்போது உரம் இருப்பது வளவின் மறுகோடியில், கிணற்றைவிடத் தாழ்ந்த பக்கத்தில். பண்ணை வழிகாட்டிகளில் பொதுவாகக் கிணற்றிலிருந்து 100 அடியாவது தள்ளி வைக்கச் சொல்வார்கள், மணலில் அதற்கு மேலும் போனால் நல்லது. தரையை உயர்த்தி வெடிப்பில்லாமல் சீமெந்து பூசி, வாசலில் நாலு விரல் உயரத்துக்கு ஒரு தடுப்பு வைத்தோம். பைகள் பலகை மேல், சுவரில் முட்டாமல். சிந்தினால் தண்ணீர் ஊற்றிக் கழுவக்கூடாது, ஈர்க்கு விளக்குமாற்றால் கூட்டி அள்ளித் தோட்டத்தில் போட வேண்டும். இந்த ஒரு பழக்கம் வரத்தான் அதிக காலம் எடுத்தது. கிருமிநாசினிப் போத்தல்கள் வேறு இடத்தில், மண்ணெண்ணெயும் அப்படியே.

மருந்தடிக்கும் டாங்கிக்குள் மோட்டர் குழாயை அமிழ்த்தி வைத்து நிரப்பாதீர்கள். கரண்ட் போனால் டாங்கியில் கரைத்தது குழாய் வழியே கிணற்றுக்கே திரும்பலாம். குழாய் முனை தண்ணீருக்கு மேலே நிற்க வேண்டும். சொட்டுநீர்க் குழாயில் உரம் கரைத்து விடுகிறவர்கள் ஒருவழி வால்வு இல்லாமல் அந்த வேலையைத் தொடவே கூடாது. பாவிக்காத பழைய துரவு இருந்தால் அதற்குள் வெறும் பை, போத்தல் போடுவதையும் நிறுத்துங்கள். அதுவும் இதுவும் ஒரே நிலத்தடி நீர்தான்.

நான் இரசாயன உரத்துக்கு எதிரி இல்லை. நடுகைக்கு இடும் அடிக்கட்டுப் பசளை, பயிர் வளரும்போது இடும் மேற்கட்டுப் பசளை இரண்டும் நாங்களும் போடுகிறோம். இயற்கை உரம் என்றால் பயமில்லை என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: கிணற்றடியில் குவித்த கோழி எருவும் மழையில் நைத்திரேற்றைத்தான் விடும். எங்கள் தண்ணீரைப் பரிசோதித்தபோது அளவு எல்லைக்கு மேலேதான் இருந்தது, அது முழுக்க அந்த அறையால் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். தோட்டத்தில் இறைக்கும் உரம், எருக்கும்பி, மலசலகூடக் குழி எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் பையை நகர்த்துவது ஒரு நாள் வேலை, மற்றவை அப்படியில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றால் தாண்டிப் போங்கள். உரம் பற்றிக் கூட்டம் வைத்தால் காணி யார் பெயரிலோ அவருக்குத்தான் அழைப்பு. மாமா போய் ரொட்டி சாப்பிட்டுவிட்டு வருவார். தண்ணீர் அள்ளுவது, பை அலசுவது, புல்லுப் பிடுங்குவது, வெங்காயம் பிடி கட்டுவது எல்லாம் பெண்கள். அதற்கும் எங்கள் பக்கம் ஆம்பிளைக் கூலி ஒன்று, பொம்பிளைக் கூலி ஒன்று. குனிந்தால் எல்லாருக்கும் ஒரே முதுகுதான் நோகிறது.

உங்கள் விசயத்துக்கு வருகிறேன். வீட்டில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் பரிசோதனை முடிவு வரும்வரை அவர்களுக்கு வேறு தண்ணீர் கொடுங்கள். பரிசோதனைக்குக் கொடுக்கும்போது "நைத்திரேற்றும் பாருங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், கிருமி மட்டும் பார்த்து "நல்ல தண்ணீர்" என்று தந்துவிடுவதும் நடக்கும். கோடையில் ஒரு தடவை, மாரி மழை நன்றாகப் பிடித்த பிறகு ஒரு தடவை எடுத்தால்தான் உண்மை தெரியும். போத்தலை ஆய்வுகூடத்திலேயே கேட்டு வாங்குங்கள். அங்கே சொல்கிறபடி நிரப்பி, வெயிலில் வைக்காமல் அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.