பெயின்ட் பளபளக்கிறது, கார் ஏன் இடதுபக்கம் இழுக்கிறது?

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கிறேன். நான்கு வருடம் ஓடிய சிறிய கார். ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது கொண்டை ஊசி வளைவில் எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கியதில், இடது முன் சக்கரம் தடுப்புச் சுவரில் மோதிவிட்டது. காப்பீட்டில் பம்பர், ஃபெண்டர் மாற்றிப் பெயின்ட் அடித்துத் தந்தார்கள். ஆனால் கார் இடதுபக்கம் இழுக்கிறது. இடது முன் டயரின் வெளி ஓரம் மட்டும் தேய்கிறது. இரண்டு முறை அலைன்மென்ட் செய்தும் "எல்லாம் சரி" என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: எல்லாம் சரியாக இருந்தால் டயர் ஓரம் தேயாது. சக்கரத்தைத் தாங்கும் பாகம் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். அது தெரியும்வரை மலைப்பாதையில் வண்டியை ஏற்ற வேண்டாம். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் சுமை விழுவது அந்தப் பாகத்தின் மீதுதான்.

முதலில் எளிய காரணங்களை விலக்கிவிடுங்கள். நம் சாலைகள் தண்ணீர் வடிவதற்காக ஓரமாகச் சரிந்திருப்பதால் எந்தக் காரும் கொஞ்சம் இடதுபக்கம் சாயும். ஆகவே சமதளமான அகலச் சாலையில் ஓட்டிப் பாருங்கள். முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். இழுப்பு வலதுபக்கம் மாறினால் குற்றவாளி டயர். சில கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, சக்கரங்களின் அருகே உள்ளங்கையை நீட்டுங்கள். ஒன்று மட்டும் அனலாகக் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இவை எதுவும் இல்லையென்றால் அலைன்மென்ட் அச்சுத்தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் டோ (சக்கரங்களின் முன்பக்கம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு), கேம்பர் (சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும் கோணம்), காஸ்டர் (ஸ்டீயரிங் அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் கோணம்) என்று மூன்று அளவுகள் இருக்கும். பெரும்பாலான சிறிய கார்களில் டை ராடை (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டை) திருகி டோவை மட்டும்தான் மாற்ற முடியும். மற்ற இரண்டும் தொழிற்சாலையில் அமைந்தபடியே நிற்பவை. அதனால் டோ பச்சையில், அதாவது சரியான எல்லைக்குள், வந்ததும் "முடிந்தது" என்று அனுப்பிவிடுவது வழக்கமாகிவிட்டது. கேம்பரும் காஸ்டரும் சிவப்பில் இருந்தால், எதைத் திருகினாலும் தீராது. சுவரில் இடித்த சக்கரத்தின் அடிப்பகுதி உள்ளே தள்ளப்பட்டால் மேல்பகுதி வெளியே சாயும். வெளி ஓரம் தேயும். வண்டி அந்தப் பக்கமே போகும். உங்கள் காரின் அடையாளங்கள் இதோடு அச்சாகப் பொருந்துகின்றன. இடது வலது கேம்பர் வித்தியாசம் பொதுவாக அரை டிகிரிக்குள் இருக்க வேண்டும்.

வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லி நீங்களும் கீழே நின்று பாருங்கள். இரண்டு டை ராடுகளிலும் வெளியே தெரியும் மரைகளை எண்ணுங்கள். ஒரு பக்கம் மிக அதிகமாக இருந்தால், வளைவை மறைக்க டோவை இழுத்துப் பிடித்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். முன் சக்கரங்களின் பாகங்களைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தின் போல்ட்டுகளைச் சுற்றியும் கவனியுங்கள். வாஷரின் பழைய தடம் பிறை வடிவில் பளிச்சென்று விலகித் தெரிந்தால் சட்டமே நகர்ந்திருக்கிறது. லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் கை), நக்கிள் (சக்கரம் பொருந்தும் பாகம்), ஷாக் அப்சார்பர் மூன்றையும் வலது பக்கத்தோடு ஒப்பிட்டு அளக்கச் சொல்லுங்கள். வளைந்ததை மாற்றத்தான் வேண்டும். கேஸ் வைத்துச் சூடாக்கி நிமிர்த்தித் தருகிறேன் என்பவரிடம் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். சூடேறிய எஃகு பழைய உறுதியை இழக்கும், அடுத்த குழியில் உடையவும் கூடும்.

பாகங்களை மாற்றியும் அளவு வரவில்லையென்றால் பாடியே நகர்ந்திருக்கிறது. அதற்குச் சங்கிலியால் இழுத்து நேராக்கும் பெஞ்ச் உள்ள பட்டறைதான் வேண்டும். கண்ணால் பார்த்துச் செய்கிற வேலை அல்ல. அடிப்பாகத்தில் இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று மூலைவிட்டங்களை அளந்து, தயாரிப்பாளர் தரும் அளவோடு ஒப்பிட வேண்டும். இதெல்லாம் பெயின்டுக்கு முன்னால் நடந்திருக்க வேண்டும். நம் ஊரில் டிங்கரிங் நேர்த்தியாகச் செய்யும் கைகளுக்குப் பஞ்சமில்லை. அளவு நாடாவை எடுக்கும் கைகள்தான் குறைவு.

இனி பணம். பிரித்துப் பார்க்கும் முன்பே, பழைய கிளெய்ம் எண்ணைக் குறிப்பிட்டு, அதே விபத்தில் மறைந்திருந்த சேதம் என்று காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். சர்வேயர் பார்த்த பிறகே பாகத்தைக் கழற்ற வேண்டும். புதிய கிளெய்மாகப் போட்டால் கட்டாயக் கழிவு (ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய தொகை) மீண்டும் உங்கள் தலையில் விழும்; 1500 சிசி வரையிலான கார்களுக்கு அது 1000 ரூபாய். முழுத் தேய்மானக் காப்பு (தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் கூடுதல் காப்பீடு) எடுக்காதவர் என்றால், மூன்று வருடம் தாண்டி நான்குக்குள் இருக்கும் வண்டியின் உலோகப் பாகங்களுக்கு 25 சதவீதமும், நான்கைத் தாண்டியிருந்தால் 35 சதவீதமும் கழிப்பார்கள். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு வயது பார்க்காமல் 50 சதவீதம்.

பட்டறை கைவிரித்தால் ரசீது, இரண்டு அலைன்மென்ட் தாள்கள், டயரின் படம் மூன்றையும் இணைத்து ஒப்புகையுடன் கடிதம் அனுப்புங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது.